இருநூற்றி ஏழு மீற்றர்

வாரும் தம்பி, உள்ளுக்கு வாரும். சப்பாத்தை இந்தப் பக்கம் கழட்டும், அந்த மூலை ஈரம். காலமை போன் எடுத்தது நீர்தானே? விளம்பரத்தை நான் நொஸ்க், இந்த நாட்டுப் பாசையிலைதான் போட்டனான், பேர்கூடப் போடேல்லை. எடுத்தால் தமிழ்க் குரல். இந்த வடக்கு நோர்வேயின்ரை அந்தத்திலை, மூவாயிரம் சனம் இருக்கிற ஊரிலை, வேட்டைச் சாமான் கேட்டு ஒரு தமிழ்ப் பெடியன் போன் எடுத்தால் நான் என்னத்தை நினைக்கிறது? ஆரோ பகிடி விடுறாங்கள் எண்டுதான் முதல் நினைச்சன். இரும், யன்னல் பக்கத்துக் கதிரையிலை இரும். மெசினைப் பாக்கிறதுக்கு அதுதான் தோதான இடம்.

இதுதான் சாமான். தூரம் பாக்கிற லேசர் மெசின். கையிலை எடும், பயப்பிடாதையும். ஒரு கண்ணாலை பாக்கிறது. மேலை இருக்கிற பொத்தானை அமத்தினால் சிவப்பு இலக்கம் வரும், அதுதான் தூரம், மீற்றரிலை. உறை, கழுத்துக் கயிறு, பெட்டி எல்லாம் இருக்கு. மூண்டு வருசமா நான் இதைத் தொட்டதே இல்லை. அலுமாரிக்குள்ளை கிடந்தது. பற்றரி புதுசு, போன கிழமைதான் மாத்தினனான்.

அங்கை பாரும், குடாவுக்கு அங்காலை ஒரு மஞ்சள் வீடு தெரியுதே, முன்னாலை சிவப்பு வள்ளம் ஒண்டு கவிட்டு வைச்சிருக்கு? அதின்ரை கதவிலை பிடிச்சு அமத்தும். முந்நூற்றி எண்பத்திநாலு காட்டும். காட்டினதே? நீர் அமத்த முதலே எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறீர். கண்மதிப்புத்தான் தம்பி. இந்த யன்னலடியிலை எத்தினை வருசமா இருக்கிறன்.

தேத்தண்ணியைக் குடியும். கொண்டுவந்து வைச்சிட்டுப் போனது மலர், என்ரை மனிசி. அவ கதைக்கேல்லை எண்டு குறை நினையாதையும். இந்தச் சாமான் மேசையிலை இருந்தால் அவ இந்த அறைக்குள்ளை நிக்கமாட்டா. போன மாசம் சொல்லிப்போட்டா, ஒண்டில் இது வீட்டை விட்டு வெளிக்கிட வேணும், இல்லாட்டி தான் வெளிக்கிடுவன் எண்டு. முப்பது வருசம் ஒண்டா இருந்த மனிசி சொல்லுற கதையே அது? அதுதான் விக்கிறன். மற்றப்படி மெசினிலை ஒரு குறையும் இல்லை.

குறை இல்லை எண்டும் சொல்லேலாது. நான் உள்ளதைச் சொல்லுற ஆள். ஒருக்கா, ஒரேயொருக்கா, இது பிழை விட்டது. அதுக்காக வேண்டாம் எண்டு எழும்பிப் போயிடாதையும், கதையை முழுக்கக் கேளும்.

நீர் ஆரோடை வேட்டைக்குப் போகப்போறீர்? தனியாவோ, குழுவோடையோ?

ஒட்வாரின்ரை குழுவோ?

அது எட்டுப்பேர் குழுவெல்லோ தம்பி. நானும் அதுக்குள்ளைதான். ஏழாம் நம்பர். எங்கடை தலைவன் ஒட்வார், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை பாரும். இண்டைக்கு ஆறு மணிக்கு வருசக் கூட்டம், அது தெரியும். அங்கை வைச்சு உமக்குத் திறப்புத் தரப்போயினமோ? வேட்டைக் குடிலின்ரை பூட்டுத் திறப்பு? எட்டாம் ஆணியிலை தொங்கிற திறப்போ?

ஓ.

இல்லை, ஒண்டுமில்லை. அந்தத் திறப்பு குகன்ரை. குகதாசன். மலரின்ரை தம்பி, ஒரேயொரு தம்பி. ஒருத்தர் விலகினால் மூண்டு வருசம் அவற்றை இடத்தை வைச்சிருப்பினம், விலகின காரணம் தீந்தால் திரும்பி வரலாம். நாலாம் வருசம் வேறை ஆளுக்குக் குடுத்துப்போடுவினம், பிறகு வாழ்நாளுக்கும் இல்லை. அது அந்தக் குழுவின்ரை பழக்கம். இந்தக் கூட்டத்தோடை மூண்டு வருசம் முடியுது. எனக்குத் தெரியும்தான். ஆனால் இடத்துக்கு ஆள் பிடிச்சிட்டினம் எண்டு தெரியாது.

மணி என்ன? நாலேகால். சரி, நேரம் இருக்கு.

என்னத்துக்கு நேரமோ? உமக்குக் கதை சொல்லுறதுக்குத்தான்.

கேளும். நான் இஞ்சை மீன் பக்ரறிக்கு வந்தது எண்பத்தெட்டிலை. பிறகு கலியாணம் கட்டி மலரைக் கூப்பிட்டன். அதுக்குப் பிறகு, தன்னையும் கூப்பிடச் சொல்லிக் குகன் தந்த ஆய்க்கினை தாங்கேலாமல் அவனையும் நான்தான் கூப்பிட்டு விட்டனான். அதை எழுதி வையும், நான்தான் கூப்பிட்டது. வந்தவன் எங்கடை ஆக்கள் மாதிரி ஒஸ்லோவுக்கு ஓடேல்லை. இந்தக் குளிருக்குள்ளை நிண்டு, வெள்ளையளோடை காடு காடா அலைஞ்சு, வேட்டைச் சோதினை பாஸ் பண்ணி, எல்க் சுடப் பழகினான். எல்க் நீர் இன்னும் கண்டிருக்கமாட்டீர். எங்கடை மரை மாதிரி, ஆனால் ஒரு எருமையை விட உயரம். கலியாணம் கட்டேல்லை, கொண்டாட்டம் எண்டு ஒரு இடமும் வாறேல்லை. வருசம் முழுக்க மீன் வெட்டுவான், செப்டெம்பர் வந்தால் அவன்ரை முகமே வேறை. ஒட்வாரின்ரை குழுவிலை சேந்த முதல் வெளிநாட்டுக்காரன் அவன்தான். சும்மா சொல்லக்கூடாது, அவங்கள் அவனை மதிச்சவங்கள்.

எனக்கும் ஆசை வந்திட்டுது. ஏன் வரக்கூடாது? சோதினை நானும் பாஸ் பண்ணினன், ரண்டாந்தரம். குழுவுக்குள்ளை வாறதெண்டால் உள்ளுக்கு இருக்கிற ஒருத்தர் பொறுப்பு நிக்கவேணும். குகன் நிண்டான். அத்தானுக்கு நான் பொறுப்பு எண்டு சொன்னான்.

அவையிட்டை ஒரு பழக்கம் இருக்கு தம்பி, நீரும் பாக்கப்போறீர். ஒவ்வொருத்தர் நிக்கிற இடத்தையும் சுத்தி, ஆவணி மாசத்திலை ஒட்வார் கயிறு பிடிச்சு அளந்து, நூற்றைம்பது மீற்றரிலை உள்ள மரங்களிலை சிவப்பு நாடா கட்டுவான். நாடாவுக்கு இஞ்சாலை மிருகம் நிண்டால் சுடலாம். அங்காலை நிண்டால் துவக்கைத் தூக்கக்கூடாது, தங்கத்திலை கொம்பு வைச்சு நிண்டாலும் சரி. தூரத்திலை சுட்டால் காயத்தோடை ஓடும், அது அவையளுக்குப் பெரிய பாவம். எனக்கு அது விசர்க்கதையாத்தான் பட்டது. லேசர் வந்த காலத்திலை கயிறும் நாடாவும் எதுக்கு? இடையிலை நிக்கிற மரத்தின்ரை நாடாவைப் பாத்துக் கண்ணாலை மட்டுக்கட்டிறதிலை எவ்வளவு பிழை வரும்? அதுக்குத்தான் நான் மெசின் வாங்கவேணும் எண்டு வெளிக்கிட்டனான்.

மெசினைத் தெரிஞ்செடுத்தது குகன். இதை வடிவாக் கேளும், இதுதான் கதையின்ரை அடி. நான் கடைக்குப் போய், பெட்டியிலை ரண்டாயிரம் மீற்றர் எண்டு அடிச்சிருந்த ஒண்டைத் தூக்கினன். அவன் பறிச்சு வைச்சிட்டான். அந்த ரண்டாயிரம் வீதியிலை நிக்கிற மினுங்கல் பலகைக்கு அத்தான், மயிர் உள்ள மிருகத்துக்குப் பாதிகூட வராது, மழைத்தூறல் எண்டால் அதிலும் பாதி எண்டான். மூண்டு கிழமை இதே வேலை. கூட்டாளியளிட்டை மூண்டு மெசினை இரவல் வாங்கி, மீன் பக்ரறி இறங்குதுறையிலை என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டி, மூண்டிலையும் ஒரே பாறையைப் பாக்க வைச்சான். கையுறையோடை பொத்தானை அமத்தலாமோ, கண்ணாடி போட்டுக்கொண்டு இலக்கம் தெரியுதோ, பள்ளத்தைப் பாத்தால் சரியாக் காட்டுதோ. எனக்குக் கால் விறைச்சுப்போச்சு. வீட்டுக்கு வந்து மலரிட்டைச் சொன்னன், உன்ரை தம்பி மெசின் தேடுறானோ, எனக்குப் பொம்பிளை தேடுறானோ எண்டு.

கடைசியா இதைத்தான் சரியெண்டான். இதிலை ரண்டு அடையாளம் இருக்கு, உள்ளுக்குப் பாத்தால் இலக்கத்துக்குக் கீழை தெரியும். ஒண்டு சின்னக் கொடி, மற்றது சின்ன மரம். கொடி எண்டால் வெட்டவெளிக்கு, முன்னாலை எது படுதோ அதின்ரை தூரத்தைச் சொல்லும். மரம் எண்டால் காட்டுக்கு, முன்னுக்கு நிக்கிற கொப்பு இலையை விட்டுட்டுப் பின்னாலை நிக்கிறதைச் சொல்லும். மரத்திலை விட்டுத் தந்தான். இதை மாத்தாதேங்கோ அத்தான் எண்டும் சொன்னான்.

முதல் வருசம் எனக்கு ஒண்டும் ஆப்பிடேல்லை. ரண்டாம் வருசமும் கடைசிக் கிழமை வரைக்கும் ஒண்டுமில்லை. குகன் அந்த வருசம் ரண்டு விழுத்திப்போட்டான். பக்ரறியிலை கோப்பி குடிக்கிற அறையிலை இருக்கேலாது. பேரின்பம், உன்ரை மெசின் எத்தினை மீற்றரிலை எல்க் இருக்கெண்டு சொல்லுது, ஒஸ்லோவிலையோ எண்டு ஒருத்தன் கேட்க, எல்லாரும் சிரிக்க, நானும் சிரிச்சன். குகனும் சிரிச்சவன். மற்ற ஆக்கள் சிரிக்கலாம், அவன் சிரிக்கலாமே? நான் கூப்பிட்டு விட்டவன்.

கடைசிச் சனி. விடிய ஏழரை. தூறல். நான் நாலாம் இடத்திலை, ஒரு பாறைக்கு மேலை. கீழை சதுப்பு, அங்காலை பேர்ச் மரப் பத்தை. நாய் குலைக்கிற சத்தம் வரவரக் கிட்ட வருது. பத்தைக்குப் பின்னாலை ஒரு கறுப்பு அசையுது, நிக்குது. கொம்போடை. பெரிய ஆண். வோக்கிரோக்கியிலை ஒட்வார் சொல்லுறான், பேரின்பத்தின்ரை பக்கம் போகுது எண்டு. எட்டுப்பேருக்கும் கேக்குது. எல்லாரும் என்ரை வெடிக்குத்தான் காத்துக்கொண்டு நிக்கினம்.

மெசினைத் தூக்கினன். அமத்தினன். நூற்றி நாப்பத்திரண்டு எண்டு காட்டினது. நூற்றைம்பதுக்கு உள்ளுக்கு. சட்டப்படி சரி. வைச்சன் வெடி.

மிருகம் ஒருக்காத் துள்ளி, சாஞ்சு, பிறகு எழும்பி ஓடிச்சுது. முன்னங்கால் ஒண்டு ஊஞ்சல் மாதிரி ஆடினது. அதை நான் கண்டனான். அதை விடும்.

காயம் பட்ட மிருகத்தை விட்டுட்டு வாறது அவையளிட்டை இல்லை. மற்ற வேட்டையெல்லாம் நிப்பாட்டி எட்டுப்பேரும் தேடினம். அண்டைக்கு முழுக்க. இருட்டினாப் பிறகு நிப்பாட்டி, விடிய திரும்பவும். ஞாயிறும் முழுக்க. ஒருத்தர் முகத்திலையும் சிரிப்பில்லை, எனக்கு ஒரு சொல்லுப் பேச்சும் இல்லை, பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். குகன்தான் நாயோடை முன்னுக்குப் போனது. ஞாயிறு பின்னேரம் ஆத்துத் தண்ணிக்குள்ளை இறங்கி இடுப்பளவிலை கடந்தவன், அந்தக் குளிருக்குள்ளை. திங்கள் காலமை கண்டுபிடிச்சான். இன்னும் உயிரோடை ஒரு பள்ளத்துக்குள்ளை படுத்துக் கிடந்ததாம். பத்து மீற்றரிலை நிண்டு முடிச்சுவிட்டான். இறைச்சி ஒண்டுக்கும் உதவேல்லை.

பிறகு குடிலுக்குள்ளை எல்லாரும் இருந்தம். ஒட்வார் சத்தம் போட்டுக் கதைக்கிற ஆளில்லை. எத்தினை மீற்றர் எண்டு மட்டும் கேட்டான். நான் மெசினை எடுத்து மேசையிலை வைச்சு, நூற்றி நாப்பத்திரண்டு எண்டு காட்டினது எண்டன். அவன் முதலே கயிறு பிடிச்சு அளந்துபோட்டுத்தான் வந்திருக்கிறான். இருநூற்றி ஏழு, எண்டான். நாடாவுக்கு அங்காலை ஐம்பத்தேழு. தெரிஞ்சுகொண்டு நாடாவைத் தாண்டிச் சுட்டால் அந்த இடத்திலேயே திறப்பை வைச்சிட்டுப் போகவேணும், அதுக்குப் பிறகு இந்த மாவட்டத்திலை ஒரு குழுவும் அவனைச் சேக்காது. நான் மெசின்தான் பிழை எண்டன். ஆர் இந்த மெசினை எடுத்துத் தந்தது எண்டு கேட்டான். குகன் எண்டன். ஆர் செட் பண்ணினது? குகன் எண்டன். அதிலை பொய் என்ன இருக்கு? அவன்தானே செய்தது.

குகன் எழும்பி வந்து மெசினை எடுத்தான். கண்ணிலை வைச்சுப் பாத்தான். கனநேரம் பாத்தான். பிறகு பக்கத்துப் பொத்தானை ஒருக்கா அமத்தினான். ஒட்வாரைப் பாத்துச் சொன்னான்:

"பிழை என்ரை. நான்தான் பிழையாச் செட் பண்ணிக் குடுத்தனான்."

கேட்டீரே? தானா ஒத்துக்கொண்டான். நான் கட்டாயப்படுத்தினதே? பொறுப்பு நிண்டவன் பிழையான சாமான் குடுத்தால் அவன்தான் விலகவேணும். பொக்கற்றுக்குள்ளை இருந்து திறப்பை எடுத்து மேசையிலை வைச்சான். ஒட்வார் அதை எட்டாம் ஆணியிலை கொழுவினான். போகேக்கை மெசினை என்ரை கையிலை தந்து, தமிழிலை ஒண்டு மட்டும் சொன்னான்:

"மரத்திலை விட்டிருக்கிறன் அத்தான். இனி மாத்தாதேங்கோ."

அதுக்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை. மலர் பண்டிகைக்குச் சமைச்சு அங்கை கொண்டுபோய்க் குடுத்திட்டு வருவா. என்ன நடந்ததெண்டு அவன் அவவுக்கும் சொல்லேல்லையாம். நான் சொன்னதைத்தான் அவவும் கேட்டவ. மெசின் பிழை விட்டது, குகன் ஒத்துக்கொண்டான், அவ்வளவுதான். முதல் என்னை நம்பினவ. பிறகு பிறகு, நான் சொல்லச் சொல்ல, என்ரை முகத்தைப் பாக்கிறதை விட்டுட்டா. செப்டெம்பர் மாசத்திலை குகன் அந்த வள்ளத்தைக் கவிட்டு வைச்சுத் தார் பூசிக்கொண்டிருப்பான், மற்றவை துவக்கோடை போறதைப் பாத்துக்கொண்டு. ஒரே வள்ளத்துக்கு எத்தினை தரம் தார் பூசுறது?

நீர் என்ன, திரும்பத் திரும்ப அந்த மஞ்சள் வீட்டையே பிடிச்சு அமத்திறீர்? என்ன காட்டுது? இப்ப இந்தப் பேர்ச் கொப்புக்குள்ளாலையே? முந்நூற்றி எண்பத்திநாலுதான்? ஓம், அப்பிடித்தான் காட்டும். மரத்திலை இருந்தால் கொப்பு இலை ஒண்டையும் பாக்காது. அண்டைக்கும் அப்பிடித்தான், தூறலுக்குள்ளையும் டக்கெண்டு இருநூற்றி...

இல்லை. வேறை ஒரு நாள். தேத்தண்ணி ஆறுது, குடியும்.

அந்தப் பக்கத்துப் பொத்தானைத் தொடாதையும். தொடாதையும் எண்டு சொல்லுறன். கொடி வந்திட்டுதோ? இப்ப அமத்திப் பாக்கிறீர். பதினாலு. ஓம், அது யன்னலுக்கு வெளியிலை நிக்கிற பேர்ச் மரம். வீடு இல்லை, மரம். சரி, விளங்கியிட்டுதே? திருப்பி மரத்திலை விடும். இஞ்சை தாரும் நான் விடுறன்.

நீர் ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறீர்?

தம்பி, நான் உம்மை ஒண்டு கேட்கிறன். விளம்பரத்திலை பேர் இல்லை, இந்த மெசினின்ரை படமும் வடிவாத் தெரியாது. போனிலை நான் ஹலோ எண்டு சொன்ன உடனை நீர் தமிழிலை வணக்கம் அண்ணை எண்டீர். ஆர் உமக்கு நம்பர் தந்தது? ஆர் அனுப்பினது?

குகனோ.

அவனிட்டை நீர் என்ன கேட்டனீர்? எந்த மெசின் வாங்கிறதெண்டு. சரி, இந்த ஊரிலை அதைக் கேக்கிறதெண்டால் அவனிட்டைத்தான் கேக்கவேணும். நீர் தன்ரை இடத்துக்கு வாறீர் எண்டு அவனுக்குத் தெரியுமோ? தெரியுமாம். தெரிஞ்சும் சொல்லித் தந்தவனோ? என்ன சொன்னவன்? அவன் சொன்னதை அப்பிடியே சொல்லும். ஒரு சொல்லும் மாத்தாமல்.

"அத்தானிட்டை ஒரு மெசின் இருக்கு. அதிலை பிழை ஒண்டும் இல்லை, நான் கையிலை எடுத்துப் பாத்தனான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு."

இப்பிடியே சொன்னவன்? நான் கையிலை எடுத்துப் பாத்தனான் எண்டு?

கொஞ்சம் பொறும். யன்னலைத் திறக்கிறன், உள்ளுக்கு வெக்கையாக் கிடக்கு.

அப்ப அவனுக்கு அண்டைக்கே தெரியும். குடிலுக்குள்ளை கண்ணிலை வைச்சுப் பாத்தவுடனேயே தெரியும், கொடியிலை நிக்குதெண்டு. தான் மரத்திலை விட்டுத் தந்தது கொடியிலை நிண்டால் ஆர் மாத்தினது? மெசின் தானா மாத்துமோ? மூண்டு வருசம் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான், அவன் உண்மையாத்தான் தன்ரை பிழையெண்டு நினைச்சவன் எண்டு. அவன் அந்தப் பொத்தானை அமத்தினதை நான் பாத்தனான் தம்பி. பாத்துக்கொண்டுதான் நிண்டனான். எனக்கு எப்பிடித் தெரியாமல் போகும்?

சரி. கேளும். மலர், நீயும் கேள். கதவுக்குப் பின்னாலைதான் நிக்கிறாய் எண்டு தெரியும், நிண்ட இடத்திலையே நிண்டு கேள்.

முதல் நான் அமத்தினது மரத்திலை. இருநூற்றி ஏழு எண்டு காட்டினது. கை ஆடிப்போச்சு எண்டு திரும்ப அமத்தினன். இருநூற்றி ஏழு. மூண்டாந்தரமும் இருநூற்றி ஏழு. சிவப்பு நாடா மிருகத்துக்கு இஞ்சாலை ஆடிக்கொண்டு நிக்குது, அதையும் கண்டனான். வோக்கியிலை எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம். இந்த வருசமும் வெறுங்கையோடை அந்தக் கோப்பி அறைக்குள்ளை போய் இருக்கேலாது எண்டு பட்டுது. அப்பத்தான் அடையாளத்தை மாத்தினன். கொடியிலை விட்டு அமத்த, முன்னுக்கு நிண்ட பேர்ச் கொப்பிலை பட்டு நூற்றி நாப்பத்திரண்டு எண்டு வந்திது. எனக்கு அது போதுமாயிருந்தது. மெசின் சொல்லிப்போட்டுது, சட்டப்படி சரி.

இதைக் கேளும், இதுதான் பெரிய வெக்கம். அந்த இலக்கத்தை நான் நம்பிப்போட்டன். பொய்யெண்டு மனசிலை வைச்சுக்கொண்டு சுட்டிருந்தால் இருநூற்றி ஏழுக்குக் கொஞ்சம் மேலை பிடிச்சிருப்பன், மிருகம் அந்த இடத்திலேயே விழுந்திருக்கும், ஒருத்தரும் கயிறு பிடிச்சிருக்கமாட்டினம். நூற்றி நாப்பத்திரண்டுக்குப் பிடிச்சதாலைதான் குண்டு இறங்கிக் காலிலை பட்டது. மூண்டு நாள் அது அந்தக் காலோடை இழுபட்டது. குகன் மூண்டு வருசம்.

அவன் என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். ஒரு சொல்லு. அத்தான் மாத்திப்போட்டார் எண்டு ஒரு சொல்லு. அக்காவின்ரை புருசன் எட்டுப்பேருக்கு முன்னாலை கள்ளனா நிக்கக்கூடாது எண்டுதான் வாயை மூடினவன், வேறை என்ன? நான் அதையும் அவன்ரை ஒப்புதல் எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இப்ப உமக்கும் அரை மணித்தியாலத்துக்கு முதல் அதைத்தானே சொன்னனான்.

அந்த மஞ்சள் வீடு அவன்ரை. கண்மதிப்பு ஒண்டும் இல்லை. நான் பின்னேரத்திலை இந்த யன்னலடியிலை நிண்டு பாக்கிறனான். கதவு திறக்குதோ, லைற் எரியுதோ எண்டு. அமத்தினால் ஒவ்வொருநாளும் அதே இலக்கம். பற்றரி பிறகு எப்பிடி முடிஞ்சதெண்டு நினைக்கிறீர்?

மணி என்ன இப்ப? ஐஞ்சு பத்து. ஒட்வார் ஆறு மணியெண்டால் ஆறு மணிக்குத் தொடங்குவான். கார் தேவையில்லை, கூட்டம் அவன் வீட்டிலை, நடக்கிற தூரம்தான், போற வழியிலைதான் குகன்ரை வீடும். முதல் அவனிட்டைப் போறதோ, ஒட்வாரிட்டைப் போறதோ? ஒட்வாரிட்டைத்தான். குகனிட்டை முதல் போனால் வேண்டாம் விடுங்கோ அத்தான் எண்டுவான், நானும் சரியெண்டு திரும்பி வந்திடுவன். என்னை எனக்குத் தெரியும்.

மெசினைத் தாரும் தம்பி. கோவியாதையும், இது விக்கிறதுக்கில்லை. ஒட்வாரின்ரை மேசையிலை வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை கொடியையும் மரத்தையும் மாத்தி மாத்தி அமத்திக் காட்டவேணும். நொஸ்க்கிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு போற வழியிலைதான் சொல்லுத் தேடவேணும். முப்பத்தைஞ்சு வருசமா அந்தப் பாசையிலை மீனும் மழையும்தான் கதைச்சனான்.

மலர், என்ரை ஜக்கற். ஏன் அழுகிறாய்? அழாதை. சரி, அழு. அந்த ஜக்கற் இல்லை, மற்றது, திறப்பு உள்ளுக்கு இருக்கிற ஜக்கற்.

பாரும், இதுதான் ஏழாம் நம்பர் திறப்பு. இதை நான் இண்டைக்கு அங்கை வைச்சிட்டு வரப்போறன். என்னைத் திரும்ப எடுக்கமாட்டினம், எந்தக் குழுவும் எடுக்காது, எடுக்கவும் கூடாது. எட்டாம் ஆணியிலை தொங்கிறது குகன்ரை, அதிலை நீர் கை வைக்காதையும். உமக்கு ஏழு இருக்கு. நல்ல இடம், நாலாம் பாறை, சதுப்பு முழுக்கத் தெரியும். ஒட்வாருக்கு நான் சொல்லுறன், அவன் கேட்டால்.

மெசின்தான் உமக்கு இல்லாமல் போச்சு. அதுக்கு ஏன் யோசிக்கிறீர்? குகனிட்டைக் கேளும். மூண்டு கிழமை உம்மைக் குளிருக்குள்ளை நிப்பாட்டிக் கொல்லுவான், ஆனால் நல்லதாத் தெரிஞ்செடுத்துத் தருவான். அவன் எதிலை விட்டுத் தாறானோ, அதை மட்டும் மாத்திப்போடாதையும்.